சோடியத்துக்கு எட்டு வேண்டும் என்று யார் சொன்னது? வட ஆற்காட்டு வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டப் பள்ளிகளில் வேதியியல் எடுக்கிற ஆசிரியர்கள் எல்லோருக்கும் வணக்கம். 2019இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்துவிட்டாலும் என் வாயில் இன்னும் வட ஆற்காடு என்றுதான் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் வாத்தியார் இல்லை. பி.எஸ்சி. வேதியியல் படித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல் ஒரு தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், லேபில் சேர்ந்து, அப்படியே இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டவன். பீக்கரும் பி.எச். தாளும் தோல் துண்டுமாகவே காலம் போனது. இப்போது வீட்டில் இருக்கிறேன். சாயங்காலம் அக்கா மகளுக்கு அறிவியல் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒன்பதாவது படிக்கிறாள், கேள்வி கேட்பதில் கெட்டிக்காரி. இந்த மடல் எழுதக் காரணமே அவள் கேட்ட ஒரு கேள்விதான்.

வேதிப்பிணைப்பு பாடம். நோட்டில் எழுதியிருக்கிறாள்: 'சோடியம் தன் வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான்கள் பெற்று நிலைத்தன்மை அடைய விரும்புகிறது. எனவே ஒரு எலக்ட்ரானைக் குளோரினுக்கு வழங்குகிறது.' அதைப் படித்துக் காட்டிவிட்டு, "மாமா, சோடியத்துக்கு எட்டு வேணும்னு எப்படித் தெரியும்? அதுக்கு எண்ணத் தெரியுமா?" என்றாள். இதே கேள்வியை வகுப்பிலும் கேட்டிருக்கிறாள். "பரீட்சைக்கு அது வராது, உட்காரு" என்று பதில் வந்ததாம். எந்தப் பள்ளி, யார் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, அதே பதிலை நானும் என் காலத்தில் வாங்கியிருக்கிறேன். ஆனால் ஒரு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வேதியியலில் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே முதல் தரமான கேள்வி அது என்பது என் எண்ணம். அதற்கு 'உட்காரு' பதில் ஆகாது.

தெரியாது என்பதுதான் பதில். சோடியத்துக்கு எட்டும் தெரியாது, ஏழும் தெரியாது. அது எலக்ட்ரானைத் தானம் கொடுக்கத் துடித்துக்கொண்டும் இல்லை. தனியாக நிற்கும் சோடியம் அணுவிடமிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிடுங்க மோலுக்கு 496 கிலோ ஜூல் செலவு செய்ய வேண்டும். விரும்பிக் கொடுக்கிறவனிடம் இவ்வளவு செலவழித்தா வாங்குவோம்? சரி, குளோரினாவது அதை வாங்கிக்கொண்டு கைநிறையத் திருப்பித் தருகிறதா என்றால், அதற்கு எலக்ட்ரான் கிடைக்கும்போது வெளிவருவது 349 தான். கொடுத்தல், வாங்கல் இரண்டையும் மட்டும் பார்த்தால் 147 கிலோ ஜூல் கையை விட்டுப் போகிறது. கரும்பலகையில் நாம் அம்புக்குறி போட்டுக் காட்டுகிற அந்த எலக்ட்ரான் மாற்றம், அதோடு நின்றுவிட்டால் நஷ்ட வியாபாரம்.

அவளுக்கு நான் மண்டிக் கணக்கு மாதிரி எழுதிக் காட்டினேன். செலவுப் பக்கம்: திட சோடியத்தைத் தனித்தனி அணுவாக ஆவியாக்க 107, குளோரின் மூலக்கூறைப் பிரித்து ஒரு மோல் குளோரின் அணு எடுக்க 122, எலக்ட்ரானைப் பிடுங்க 496, ஆக 725. வரவுப் பக்கம்: குளோரின் எலக்ட்ரானை ஏற்பதில் 349. அப்புறம்தான் பெரிய வரவு: நேர் அயனியும் எதிர் அயனியும் ஒன்றையொன்று இழுத்து, ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றி ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றி ஆறு சோடியம் என்று படிகமாக அடுக்கிக்கொள்ளும்போது வெளிவருகிற 787. வரவு மொத்தம் 1136. செலவு போக மிச்சம் 411. சாதாரண உப்பு ஏன் உப்பாக இருக்கிறது என்பதற்கு விடை அந்த மிச்சத்தில் இருக்கிறது.

உடனே அவள், "அப்போ இன்னொரு எலக்ட்ரானையும் பிடுங்கினா இன்னும் லாபம் வருமா?" என்றாள். (சொன்னேனே, கெட்டிக்காரி.) இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க 4562 கிலோ ஜூல், முதலாவதைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். அது உள்கூட்டில், கருவுக்குப் பக்கத்தில் கெட்டியாகப் பிடிபட்டுக் கிடக்கிற எலக்ட்ரான். அந்தச் செலவை எந்தப் படிகமும் ஈடுகட்டாது. அதனால்தான் சோடியம் ஒன்றோடு நிற்கிறது. நின்ற இடத்தில் நாம் எண்ணிப் பார்க்கிறோம், எட்டு இருக்கிறது. எண்ணிக்கை பின்னால் நமக்குத் தெரிகிற விஷயம், சோடியத்தை நடத்துகிற காரணம் அது இல்லை.

வெளிக்கூட்டில் எட்டு எலக்ட்ரான் இருந்தால் நிலைத்தன்மை என்கிற எண்ம விதியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. நல்ல விதி, கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன், ஃபுளூரின் இருக்கிற வரிசையில் பெரும்பாலும் கைகொடுக்கும். இரண்டாம் கூட்டில் ஒரு எஸ், மூன்று பி, ஆக எலக்ட்ரான் தங்குகிற நாலு ஆர்பிட்டால், ஒவ்வொன்றிலும் இரண்டு, அதனால் எட்டு. அவ்வளவுதான் அதன் ரகசியம். 1916இல் வேதியியலாளர் லூயிஸ் எலக்ட்ரான் ஜோடியை வைத்துப் பிணைப்பை விளக்கியபோது எட்டும் கூட வந்தது. 1919இல் லாங்முயர் அதைப் பிரபலமாக்கினார், அணுக்கள் எலக்ட்ரான் ஜோடியைப் பங்கு போட்டுக்கொள்கிற சகப்பிணைப்புக்கு ஆங்கிலப் பெயர் வைத்தவரும் அவர்தான். லூயிஸே பின்னால் எட்டை விட இரண்டுதான், அதாவது ஜோடிதான், அடிப்படை என்று எழுதினார். போரான் டிரைஃபுளூரைடில் போரானைச் சுற்றி ஆறு, கந்தக ஹெக்சாஃபுளூரைடில் கந்தகத்தைச் சுற்றிப் பன்னிரண்டு. நைட்ரிக் ஆக்சைடில் மொத்தமே பதினொரு இணைதிறன் (வெளிக்கூட்டு) எலக்ட்ரான், எப்படிப் பங்கு போட்டாலும் ஒன்று தனியாக நிற்கும். எட்டு நிரம்பிவிட்டது, இனி எதனோடும் சேராது என்று சொல்லி வைத்திருந்த மந்த வாயு செனானையும் 1962இல் பார்ட்லெட் சேர்த்துக் காட்டிவிட்டார். எட்டு என்பது கைவைத்திய விதி, நோயின் காரணம் அதில் எழுதியிருக்காது. இந்த ஒரு வாக்கியத்தையாவது பாடத்தின் முடிவில் பிள்ளைகள் காதில் போட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன்.

'விரும்புகிறது', 'தானம்', 'திருமணம்', 'நண்பர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள்' என்பதற்குப் பதிலாக என்ன சொல்வது? எனக்கு ஏலகிரி கைகொடுத்தது. மேலே இருந்து வண்டியை நியூட்ரலில் விட்டால் கொண்டை ஊசி வளைவெல்லாம் கடந்து மலையடிவாரத்துப் பொன்னேரிக்கு வந்து சேரும். (பிரேக் மேல் கால் இருக்கட்டும், யாரும் செய்து பார்க்க வேண்டாம்.) பொன்னேரி மேல் வண்டிக்கு ஆசை என்று யாராவது சொல்வோமா? கீழே இழுக்கிறது, அதனால் இறங்குகிறது. அணுக்களும் அப்படித்தான். இரண்டு ஹைட்ரஜன் அணு நெருங்கும்போது ஒவ்வொரு கருவும் மற்றதன் எலக்ட்ரானையும் சேர்த்து இழுக்கிறது, ஆற்றல் குறைந்துகொண்டே வருகிறது, அதாவது இறக்கம். ரொம்ப நெருங்கினால் இரண்டு கருவும் ஒன்றையொன்று தள்ளும், அது எதிர்ப்பக்க மேடு. நடுவில் இருக்கிற பள்ளத்தில் ஜோடி நின்றுவிடுகிறது. கருவுக்கும் கருவுக்கும் இடையே 74 பிக்கோ மீட்டர், அதாவது ஒரு மீட்டரை லட்சம் கோடியாகப் பிரித்து அதில் 74 பங்கு. பள்ளத்தின் ஆழம் மோலுக்கு 436 கிலோ ஜூல். சகப்பிணைப்பு என்று நாம் சொல்வது இந்தப் பள்ளத்தைத்தான்.

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் இன்னொரு பெரிய தப்பு தானாகவே சரியாகிவிடும். 'பிணைப்பை உடைத்தால் ஆற்றல் வெளிவரும்' என்று பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளே அடித்துச் சொல்கிறார்கள். உயிரியலில், செல்களுக்குச் சக்தி கொடுக்கிற ஏ.டி.பி. மூலக்கூறு பற்றிய பாடத்தில் அந்தப் பிணைப்பை உடைத்தால் சக்தி கிடைக்கும் என்று படித்துவிட்டு வந்து இங்கேயும் ஒட்டிவிடுகிறார்கள். பொன்னேரியிலிருந்து மேலே ஏற பெட்ரோல் வேண்டும். பிணைப்பை உடைப்பது ஏற்றம், எப்போதுமே செலவு. உருவாவதுதான் இறக்கம், அங்கேதான் வரவு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நீராவதைக் கணக்குப் போடச் சொல்லுங்கள்: இரண்டு மோல் ஹைட்ரஜனையும் ஒரு மோல் ஆக்சிஜனையும் உடைக்க 436 இரண்டு தரம், அதோடு 498, ஆக 1370. நாலு ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்பு உருவாவதில் 463 நாலு தரம், ஆக 1852. கையில் நிற்பது 482. ஏ.டி.பி.யிலும் இதே கதைதான், ஒன்று உடைகிறது, அதை விட ஆழமான பள்ளத்தில் வேறு பிணைப்புகள் உருவாகின்றன.

குடியாத்தத்து ஆசிரியர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை, ஊரே தீப்பெட்டி. குச்சியை உரசாமல் வைத்திருந்தால் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும், உரசினால் பற்றும். அந்த ஒரு உரசல்தான் முதல் சின்ன மேட்டை ஏற்றிவிடுகிற பெட்ரோல். குச்சி மருந்தில் இருக்கிற பொட்டாசியம் குளோரேட்டை எடுத்துக்கொண்டால் இன்னொரு பாடமும் கிடைக்கும். பொட்டாசியத்துக்கும் குளோரேட்டுக்கும் நடுவே அயனிப் பிணைப்பு, குளோரேட்டுக்கு உள்ளே குளோரினுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே சகப்பிணைப்பு, ஒரே பொருளில் இரண்டும். பாடப்புத்தகத்தில் அயனிக்கு ஒரு அலமாரி, சகப்பிணைப்புக்கு ஒரு அலமாரி என்று பூட்டி வைத்திருக்கிறோமே, ஒரு தீக்குச்சியின் தலை போதும் அதைத் திறக்க.

இனி என் வீட்டுச் சரக்குக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாலாற்றுப் பக்கம் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று தோல் இல்லாத ஊர் எது? உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் எத்தனை பேரின் அப்பாவோ சித்தப்பாவோ ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர், ஷூ கம்பெனியில் தையல் போடுகிற அம்மா எத்தனை பேர்! அந்தப் பிள்ளைகளுக்கு, ஜோடியின் இரண்டு எலக்ட்ரானையும் ஒரே அணு கொடுக்கிற ஈதல் சகப்பிணைப்பு என்றதும் அமோனியம் அயனியைப் போட்டுக் காட்டுகிறோம். தப்பில்லை. ஆனால் அவர்கள் காலில் போட்டிருக்கிற செருப்பிலேயே அது இருக்கிறதே.

பச்சைத் தோல் வந்ததும் ஊறவைத்துக் கழுவி, சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு மயிரை எடுப்பார்கள். மயிர் கரைகிறது, தோல் ஏன் கரையவில்லை? மயிரில் இருக்கிற கெரட்டின் புரதம் கந்தகம்-கந்தகம் சகப்பிணைப்புகளால் கொக்கி போட்டு நிற்கிறது, சல்பைடு அந்தக் கொக்கியை வெட்டுகிறது. தோலின் கொலாஜனில் அந்தக் கொக்கி கிடையாது, அதனால் தப்பித்துக்கொள்கிறது. எந்தப் பிணைப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்து அதை மட்டும் வெட்டுகிற வேலை இது, எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள் தலைமுறையாகச் செய்கிறார்கள். (அந்தச் சல்பைடு தண்ணீரோடு அமிலத் தண்ணீர் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். தொட்டி சுத்தம் பண்ண இறங்கிய ஆட்கள் திரும்பி வராத செய்தி நம் பக்கத்துக்குப் புதிதில்லை. இதையும் வகுப்பில் சொல்லுங்கள், ஒரு பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னாலும் புண்ணியம்.)

அப்புறம் பிக்கிள். உப்பும் அமிலமும் போட்டு பி.எச். மூன்று பக்கம் இறக்கிவிட்டு, அதன் பிறகு குரோம் சல்பேட் போடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் எனக்கு இது புரியவே இல்லை, அமிலம் போட்டால் எல்லாம் வேகமாக நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அமிலத்தைப் போடுவது குரோமியத்தைப் பிடிக்க விடாமல் வைக்கத்தான். கொலாஜனில் தொங்குகிற கார்பாக்சில் தொகுதிகள் அந்த அமிலத்தில் ஹைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு இருக்கும், குரோமியத்துக்குக் கொடுக்க அவற்றின் கை காலியாக இருக்காது. அந்த நேரத்தில் குரோமியம் தடை இல்லாமல் தோலின் நடுவரை போய்ச் சேரும். போய்ச் சேர்ந்ததும் சோடா பைகார்பனேட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.எச்.சை நாலு பக்கம் ஏற்றினால், ஹைட்ரஜன் விலகி, கார்பாக்சிலேட் ஆக்சிஜன் தன் தனி ஜோடி எலக்ட்ரானைக் குரோமியத்துக்குக் கொடுக்கிறது. ஒரு குரோமியத் திரள் இந்தப் பக்கம் ஒரு நார், அந்தப் பக்கம் ஒரு நார் என்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. அம்புக்குறி போட்டுக் காட்டுவோமே ஈதல் சகப்பிணைப்பு என்று, டிரம்முக்குள் கோடிக்கணக்கில் அதுதான் நடக்கிறது. தோல் நீலமாக வெளியே வருகிறது, வெட் ப்ளூ.

ஒருநாள் அவசரத்தில் சோடாவை ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்கள். லேபுக்கு வந்த துண்டை நான் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். இரண்டு நிமிஷம் தாங்கினால் தேறியது என்று அர்த்தம். போட்ட கொஞ்ச நேரத்தில் சுருண்டு ஜவ்வாகிவிட்டது. மேஸ்திரி துண்டை வாங்கி, இன்னொன்றைக் குறுக்கே வெட்டிக் காட்டினார், இரண்டு ஓரமும் நீலம், நடுவில் வெள்ளைக் கோடு. "இன்னும் பிடிக்கலடா தம்பி, மேலதான் பிடிச்சிருக்கு" என்றார். கல்லூரியில் மூன்று வருஷம் பிணைப்பு, பிணைப்பு என்று எழுதிக்கொண்டிருந்த எனக்கு, அந்த 'பிடிக்கல' என்ற சொல்லில்தான் விஷயம் விளங்கியது.

பச்சைத் தோல் 60, 65 டிகிரி சூட்டிலேயே சுருங்கிவிடும். கொலாஜன் என்பது மூன்று இழை முறுக்கிய கயிறு, இழைகளைச் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்புகள், அதாவது ஒரு இழையின் ஹைட்ரஜனைப் பக்கத்து இழையின் ஆக்சிஜன் இழுத்து வைத்திருக்கிற மெலிந்த பிடி. சூட்டில் அவை விட்டுப் போகின்றன, இழைக்கு உள்ளே இருக்கிற சகப்பிணைப்புகள் அப்படியே இருக்கும். ஆட்டுக்கால் பாயா விரலில் பிசுபிசு என்று ஒட்டுகிறதே, அதுவும் இந்தக் கயிறு பிரிந்த கதைதான். வலுவான பிணைப்பு எது, மெலிந்தது எது என்பதற்கு இதை விட ருசியான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. குரோமியம் பிடித்த தோலோ நூறு டிகிரி தாங்கும். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பழைய முறையில் பதனிட்டது இரண்டுக்கும் நடுவே நிற்கும், ஏனென்றால் பட்டையின் துவர்ப்புப் பொருளான டானின் பெரும்பாலும் ஹைட்ரஜன் பிணைப்பு வழியாகத்தான் பிடிக்கிறது, ஒவ்வொன்றும் மெலிசு, எண்ணிக்கையில் ஏராளம்.

தோலின் நல்லதை மட்டும் சொன்னால் நியாயம் இல்லை. நம் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். தோல் கெடாமல் இருக்கப் போட்ட உப்பு, ஊறவைத்த தண்ணீரோடு வெளியே போகிறது. மேலே கணக்குப் போட்டோமே 787 என்று, அவ்வளவு கெட்டியான படிகத்தைத் தண்ணீர் எப்படிக் கரைத்துவிடுகிறது? நீர் மூலக்கூறின் ஆக்சிஜன் பக்கம் கொஞ்சம் எதிர், ஹைட்ரஜன் பக்கம் கொஞ்சம் நேர். ஒவ்வொரு அயனியையும் சுற்றிச் சூழ்ந்து பிடித்துக்கொள்வதிலேயே கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றலைத் திருப்பித் தந்துவிடுகிறது. கரைந்த பிறகு சோடியம் அயனியை மணல் வடிகட்டியும் பிடிக்காது, நுண்ணுயிரும் தின்னாது. ஆர்.ஓ. வைக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீரையே ஆவியாக்க வேண்டும், இரண்டுமே செலவு. 1996இல் உச்ச நீதிமன்றம், வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் நம் ஊர்ப் பெயரோடு படிக்கிறார்கள். நம் பள்ளிகளில் அயனிப் பிணைப்புப் பாடத்தில் அதற்கு ஒரு வரி இல்லை.

குரோமியத்திலும் அப்படி ஒன்று இருக்கிறது. தோலில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். ராணிப்பேட்டையில் மூடிப்போன குரோமேட் ஆலையின் கழிவுக் குவியலில் பயப்பட வேண்டியது ஆறு இணைதிறன் குரோமியம். தனிமம் ஒன்றுதான், பிணைப்பு வேறு. ஆறில் குரோமியம் நாலு ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட்டாக நிற்கிறது, பார்க்க அச்சு அசல் சல்பேட் மாதிரி வடிவம். நம் உடம்பின் செல்கள் சல்பேட் என்று ஏமாந்து வாசலைத் திறந்துவிடுகின்றன, உள்ளே போய் மரபணுவைக் கெடுக்கிறது, புற்றுநோய் வரை கொண்டுபோகும். மூன்றுக்கு அந்த வாசல் அவ்வளவு சுலபத்தில் திறக்காது. 'குரோமியம்' என்று ஒரே சொல்லில் பயந்துகொண்டிருக்கிற ஊரில் இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேதியியல் வாத்தியாரை விட்டால் யார் இருக்கிறார்கள்?

உங்கள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். ஒரு வகுப்பில் ஐம்பது பிள்ளை, நாற்பது நிமிஷம், வினாத்தாளில் 'எண்ம விதியை வரையறு' என்றுதான் வரும், 496 வராது. ஒன்பதாவதுக்கு எண்களே வேண்டாம் என்றால் சரி, விட்டுவிடுங்கள், பதினொன்றாவதில் சொல்லிக்கொள்ளலாம். ஒன்பதாவதில் 'விரும்புகிறது' என்ற இடத்தில் 'இழுக்கப்படுகிறது' என்று மாற்றிச் சொன்னால் கூடுதலாக ஒரு நிமிஷம்கூட ஆகாது. வினாத்தாள் எடுக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரே ஒரு கேள்வி வையுங்கள்: சோடியம் ஏன் இரண்டு எலக்ட்ரானை இழப்பதில்லை? மனப்பாடம் பண்ணியவனும் புரிந்துகொண்டவனும் அங்கே தனித்தனியாகத் தெரிந்துவிடுவார்கள்.

இன்னொன்று. எந்தப் பள்ளி கூப்பிட்டாலும் நான் வரத் தயார். ஒரு ஸ்பிரிட் விளக்கு, ஒரு பீக்கர், ஒரு வெப்பமானி போதும். பிக்கிள் பண்ணிக் கழுவிய துண்டு ஒன்றும், குரோமியம் பிடித்த வெட் ப்ளூ துண்டு ஒன்றும் நான் கொண்டுவருகிறேன். இரண்டையும் ஒரே தண்ணீரில் போட்டுச் சூடேற்றிக்கொண்டே போவோம், எந்த டிகிரியில் எது சுருளுகிறது என்று பிள்ளைகளே பார்த்து எழுதட்டும். பச்சைத் தோல் வாடை கொஞ்சம் அடிக்கும், சன்னலைத் திறந்து வைத்துவிடுங்கள், முடிந்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியட் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தோல் ஷாப் லேபில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவன்,
மேல்விஷாரம் பக்கம்